மகன் செய்த நெல்லு மெசினை நான் கெடுத்துப்போட்டேன்

பரந்தன்காரன் (திங்கள், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமாக உர விலை, வாய்க்கால் தண்ணீர் என்றுதான் இங்கே வாய் திறப்பேன். இன்றைக்கு வேறு கதை.

மகனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. இந்த மாசியில் எங்கள் காலபோக வயல் வெட்ட மெசின் வந்தபோது பெடியன் வரம்பை விட்டு எழும்பவே இல்லை. சோற்றையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு கிழமை கழித்து வீட்டுக் கோடியில் ஏதோ வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தான். கேட்டால் "ஒண்டுமில்லை" என்றான். ஒண்டுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

வந்தது இதுதான். உடம்பு பால்மாப் பெட்டி. அச்சு, ஒரு உடைந்த குடையின் கம்பி. நாலு சில்லும் என்னுடைய பழைய ரப்பர்ச் செருப்பில் வட்டமாக வெட்டியவை (அந்தச் செருப்பு பழையதா இல்லையா என்பதில் எனக்கும் அவனுக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை). முன்னால் ஒரு நூல் கட்டையைச் சுற்றி ஆறு ஐஸ்பழக் குச்சிகள். பின் அச்சில் இன்னொரு நூல் கட்டை, வழுக்காமல் இருக்கக் கடதாசி சுற்றி இறுக்கியிருந்தான். இரண்டு கட்டையையும் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு ரப்பர் வளையம் இணைக்கும். தள்ளினால் சில்லு உருளும், குச்சிகளும் சேர்ந்து சுற்றும்.

முதலில் ரப்பரை எட்டுப் போல முறுக்கிப் போட்டிருந்தான். குச்சிகள் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, புல்லை முன்னால் துப்பின. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். பிறகு தானாகவே முறுக்கை எடுத்துவிட்டான். புல் உள்ளே வந்தது. அப்போது அவன் போட்ட சத்தத்துக்குப் பாம்பாக்கும் என்று நினைத்து என்னுடைய அம்மா உலக்கையோடு ஓடி வந்தா.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் எங்கள் முற்றம் முற்றமாக இல்லை. மூன்று வீட்டுப் பிள்ளைகள். மணலில் புல்லைக் கொத்துக் கொத்தாக நட்டு, ஈர்க்கால் வரம்பு பிரித்து, ஏக்கருக்கு இத்தனை புளியங்கொட்டை என்று கூலி பேசி வெட்டு நடக்கும். ஒன்றைக் கவனித்தேன். மெசினை மிகக் குறைவாக ஓட்டியது இவன்தான். மற்றவன் ஓட்ட, பக்கத்தில் குந்தியிருந்து அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

சரி, இனி என் பங்கு. பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. "வடிவாக, நேர்த்தியாகச் செய்து கொண்டு வரவும், பெற்றோர் உதவலாம்" என்று கொப்பியில் எழுதி வந்தது. எனக்கு ஆசை பிடித்துவிட்டது. பிள்ளை படுத்த பிறகு சிவப்புப் பெயின்ற் அடித்து, ஆடிய இடமெல்லாம் சுப்பர் குளூ விட்டு, யன்னல் கீறி, நம்பர் தகடும் ஒட்டினேன். விடிய மூன்று மணி. சும்மா சொல்லக்கூடாது, கடைச் சாமான் மாதிரி இருந்தது. ஆனால் குளூ அச்சுக்குள் இறங்கிவிட்டது. சில்லும் சுற்றாது, குச்சியும் சுற்றாது.

அங்கே "தொடாதீர்கள்" என்று எழுதிய மேசையில் அது இரண்டு நாள் இருந்தது. எல்லாரும் பாராட்டினார்களாம். கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான். பத்து நாளாகிறது, கத்தரிக்கோலைத் தொடவில்லை. பிள்ளைகளும் இப்போது வருவதில்லை. என்ன செய்யலாம்?

மல்லாவி மாமி (திங்கள், இரவு 10.15)

தம்பி, கோபிக்காதையுங்கோ. நீங்கள் உதவி செய்யவில்லை, பிள்ளையின் கையிலிருந்து பறித்துச் செய்து முடித்தீர்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு இரவு மட்டுந்தான் வித்தியாசம்.

முப்பது வருடம் சின்ன வகுப்புகளில் நின்றவள் நான். கைவேலை கொண்டு வரச் சொன்னால் எது பிள்ளை செய்தது, எது தாய் தகப்பன் செய்தது என்று தூரத்திலேயே தெரியும். பிள்ளை செய்ததில் பசை வெளியே வழிந்திருக்கும், விரல் அடையாளம் இருக்கும். பிள்ளை அதை விட்டு விலகாது, "ரீச்சர் இஞ்ச பாருங்கோ, இப்படிச் செய்தால் இப்படி வரும்" என்று ஓட்டிக் காட்டும். தகப்பன் செய்ததைக் கொண்டு வந்த பிள்ளை மேசையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடும்.

வெட்டுமெசின் (செவ்வாய், காலை 5.50)

அண்ணை, நான் உண்மை மெசின் ஓட்டுகிறவன். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு என்று மாசி பங்குனியில் எங்கள் படுக்கையும் வயலில்தான். உங்கள் பெடியன் செய்ததை வாசித்துவிட்டு இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

முன்னால் சுற்றுவதை நாங்கள் றீல் என்போம். அது நெல்லை வெட்டுவதில்லை, வெட்டுவது கீழே இருக்கிற கத்தி. றீல் தாளைப் பிடித்துக் கத்திக்குச் சாய்த்துக் கொடுக்கும். அதனால் அதன் கீழ்ப்பக்கம் மெசினை நோக்கி உள்ளே வர வேண்டும். சில்லு உருளுகிற அதே பக்கம். ரப்பரை நேராகப் போட்டால் இரண்டு கட்டையும் ஒரே பக்கம் சுற்றும், எட்டாக முறுக்கினால் எதிர்ப்பக்கம். இதை எனக்கு ஒருவர் ஏசி ஏசிச் சொல்லித் தந்தார். இவன் இரண்டு நாளில் தானாகப் பிடித்திருக்கிறான்.

ஒன்று கேட்க வேண்டும். சில்லு எவ்வளவு பெரிது, குச்சி வட்டம் எவ்வளவு பெரிது? அளந்து சொல்லுங்கோ.

பரந்தன்காரன் (செவ்வாய், காலை 6.30)

கட்டிலுக்குக் கீழே புகுந்து அளந்தேன். சில்லு குறுக்கே 5 சென்ரிமீற்றர். குச்சி வட்டம் 7. நூல் கட்டை இரண்டும் ஒரே அளவு.

வெட்டுமெசின் (செவ்வாய், காலை 6.42)

பார்த்தீர்களா. கட்டை இரண்டும் ஒன்றென்றால் சில்லு ஒரு சுற்று வர றீலும் ஒரு சுற்று. ஆனால் வட்டம் பெரிது, அதனால் குச்சி நுனி நிலத்தை விட 1.4 மடங்கு வேகமாக ஓடும். உண்மை மெசினிலும் மெசின் போகும் வேகத்தை விட றீலைக் கொஞ்சம் கூட வைத்துத்தான் ஓட்டுவோம். மெதுவாகச் சுற்றினால் தாளை முன்னால் தள்ளிவிடும், கண்டபாட்டுக்குக் கூட்டினால் மணி உதிர்ந்து வயலுக்குள் கொட்டும், கமக்காரன் மண்வெட்டியோடு வருவார். காற்றுக்குச் சாய்ந்த பயிர் என்றால் றீலைப் பதித்துக் கொஞ்சம் வேகம் கூட்டுவோம்.

பெடியன் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை, ஓம். அரை நாள் வரம்பில் இருந்து பார்த்த கண் செய்திருக்கிறது. இன்னொன்றும் சொல்லுங்கோ, எங்கள் மெசினுக்குச் சில்லு இல்லை, ஈர வயலில் புதையாமல் இருக்க ரப்பர்ச் செயின். அதை ஏன் விட்டான் என்று கேளுங்கோ.

கணக்குவாத்தி (செவ்வாய், மதியம் 1.05)

எல்லாரும் நல்லாய்த்தான் கதைக்கிறீர்கள். நாலாம் வகுப்பென்றால் அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. பால்மாப் பெட்டி மெசினுக்குப் புள்ளி கிடையாது. எங்கள் பக்கத்தில் படித்து வெளிக்கிட்டவர்கள்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். விளையாட்டைப் பெருப்பித்துப் பேசுவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. கண்காட்சி வைத்த ரீச்சரையும் குறை சொல்ல ஏலாது. பொருளைத் தொடவிட்டால் முன்னூறு பிள்ளை தொடும், பின்னேரம் குப்பைதான் மிஞ்சும்.

மல்லாவி மாமி (செவ்வாய், மதியம் 1.40)

ரீச்சரைப் பற்றிச் சொன்னது சரி. மேசை நிறையச் சாமானை ஒரு ஆள் காவல் காப்பது சிரமம், நானும் "தொடாதே" எழுதி ஒட்டியிருக்கிறேன். புலமைப்பரிசில் கதைதான் எனக்குச் சரிவரவில்லை. 5க்கும் 7க்கும் உள்ள விகிதத்தை அவன் கையால் பிடித்துவிட்டான். நீங்கள் கரும்பலகையில் எழுத வேண்டியது மிச்சம் மட்டுந்தான், வாத்தியார்.

கணக்குவாத்தி (செவ்வாய், மதியம் 1.52)

அது உண்மை. அந்த அளவுகளை நாளைக்கு வகுப்பில் கணக்காகப் போடப் போகிறேன், பரந்தன்காரர் கோபிக்கக்கூடாது. மற்றதில் மாற்றம் இல்லை.

வட்டக்கச்சியிலிருந்து ரொறன்ரோ (செவ்வாய், இரவு 11.20)

இங்கே மகளின் பிறந்தநாளுக்கு வந்த விளையாட்டுச் சாமான் ஒரு அறை நிறைய. பிரித்த அன்றைக்கே அரைவாசி செத்துவிட்டது.

எங்கள் காலத்தில் நுங்குக் கோம்பை இரண்டை ஒரு தடியில் குத்தினால் வண்டில். கவைத் தடியால் தள்ளிக்கொண்டு வாய்க்கால் கட்டு நீளத்துக்கு ஓடுவோம். பூவரசம் இலையைச் சுருட்டி ஊதினால் பீப்பீ. நெருப்புப்பெட்டி இரண்டுக்கு நடுவில் நூல் கட்டினால் ரெலிபோன், நூல் தொய்ந்தால் லைன் கட்.

பெரியாட்கள் மட்டும் என்ன? 90களில் யுத்தம், வன்னிக்குப் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கறண்டில் றேடியோ கேட்ட ஊர். 2002 இல் ஏ9 வீதி திறக்கும் வரை எங்கள் வீட்டில் அதுதான். சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து கிணற்றுக்குள் போகும், அப்பு பிடரியில் ஒன்று போடுவார். ஜாம் போத்தலில் விளக்கு செய்தவர்களும் நாங்கள்தான். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் செருப்பில் சில்லு வெட்டினால் அதிசயமில்லை.

நெடுங்கேணித் தம்பி (புதன், காலை 8.10)

அண்ணை சொல்வது எல்லாம் சரி, ஆனால் தட்டுப்பாட்டைத் தின்பண்டம் மாதிரிச் சொல்லாதேங்கோ. நாங்கள் விரும்பியா டைனமோ சுற்றினோம்?

எனக்கு 2009 இல் பத்து வயது, யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களின் செட்டிகுளம் முகாம். தண்ணீர்ப் போத்தலில் லொறி செய்வோம். போத்தல் தாராளம், மூடிக்குத்தான் பஞ்சம், ஒரு போத்தலுக்கு ஒரு மூடி, லொறிக்கு நாலு. ஆறு சில்லு வேண்டும் என்றால் கூடாரம் கூடாரமாகப் போய்க் கேட்க வேண்டும். நீல மூடி வைத்திருந்த ஒருவன் தரமாட்டேன் என்றான், லொறியில் பங்கு கேட்டான். சரி, நீ காலையில் ஓட்டு, நான் பின்னேரம் ஓட்டுகிறேன் என்று பேசி முடித்தோம். அவன்தான் இன்றைக்கும் எனக்கு நல்ல கூட்டாளி, கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன்.

இதை எழுத வந்த காரணம் வேறு. நான் சில வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் நின்றேன். செய்கிற கைப் பிள்ளைகள் சாமான் பொறுக்குவார்கள், கம்பி, தகரம், வட்டமாக எது கண்டாலும் எடுப்பார்கள். சாமான் எங்கே எடுப்பது என்று ஒரு எல்லை போட்டுக் கொடுங்கோ. வீட்டுக் குப்பை, கடைப் பெட்டி, சைக்கிள் கடை ரியூப், அவ்வளவுதான். காட்டோரம், பழைய பங்கர், புதிதாகக் கிண்டிய மண், இதில் கிடப்பது இரும்பே என்றாலும் தொடவேண்டாம், கல்லாலும் எறியவேண்டாம், பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். பத்துத் தரம் சொன்னாலும் பதினோராம் தரம் சொல்லுங்கோ.

பரந்தன்காரன் (புதன், காலை 8.45)

நன்றி தம்பி. அவனுடைய சாமான் பெட்டியை இன்றைக்கே கொட்டிப் பார்த்தேன். குடைக்கம்பி, மூடி, செத்த பேனை, என்னுடைய மற்றச் செருப்பு.

ஸ்ராற்றஸ் ராசா (புதன், இரவு 7.30)

பெடியனை வைத்து ஒரு வீடியோ எடுத்து யூரியூப்பில் போடுங்கோ அண்ணை. "வன்னியின் குட்டி விஞ்ஞானி" என்று தலைப்புப் போட்டால் பிய்ச்சுக்கொண்டு போகும். வெளிநாட்டுச் சனம் காசும் அனுப்பும்.

மல்லாவி மாமி (புதன், இரவு 7.34)

வேண்டாம்.

ஸ்ராற்றஸ் ராசா (புதன், இரவு 7.36)

மாமி ஒரு சொல்லில் முடித்துவிட்டா.

முள்ளியவளை அக்கா (புதன், இரவு 9.00)

மாமிக்குப் பதிலாக நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முகத்தையும் ஊரையும் காட்டிப் பிள்ளையை இணையத்தில் போட்டால் திருப்பி எடுக்க ஏலாது. அதோடு, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்ப்பதும் பக்கத்து வீட்டு மூன்று பேர் ஓட்டுவதும் ஒன்றில்லை.

என்னுடைய மகளுக்கு எட்டு வயது. போன வருடம் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு பத்திரிகை தொடங்கினாள். ஒரே ஒரு பிரதி. எழுத்தெல்லாம் அவளுடையது, படமும் அவளுடையது. முதல் பக்கத்தில் "கறுப்பி ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று என்னைப் பார்த்தது." உள்ளே "தண்ணிப் பவுசர் நேற்றும் வரவில்லை". கடைசிப் பக்கத்தில் தொலைந்த பொருட்கள், "அழிறப்பர், பாதி கடித்தது". மேலே விலை போடும் இடத்தில் "வாசித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும்" என்று இருந்தது.

ஆறு வீடு சுற்றித் திரும்பி வந்தபோது பார்க்க வேண்டும். ஒரு பெரியவர் ஆட்டுச் செய்திக்குப் பக்கத்தில் பச்சைப் பேனையால் "தாய்க்குப் பலா இலை கொடுக்கவும்" என்று எழுதியிருந்தார். ஒரு சின்னவன் அழிறப்பரைப் பசையால் ஒட்டி அனுப்பியிருந்தான். ஒரு ஆச்சி எழுதத் தெரியாது என்று தேத்தண்ணிக் கோப்பையை வைத்து வட்டமாக அடையாளம் பதித்திருந்தா. மகள் அந்த வட்டத்தை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கணினியில் அடித்துத் தரவா என்று கேட்டேன். "அப்ப ஆச்சி எங்க வைப்பா?" என்றாள்.

பரந்தன்காரன் (வியாழன், இரவு 8.20)

அக்கா, அந்தக் கேள்வி எனக்குத்தான் அடித்தது.

இன்றைக்கு அசற்றோன் வாங்கி வந்து அச்சுக்கு விட்டேன், சுப்பர் குளூ இளகும் என்று கடைக்காரர் சொன்னார். இளகியது உண்மை. பெயின்ற்றும் சேர்ந்து இளகி, சிவப்பாக வழிந்து, மெசின் விபத்துக்குள்ளானது போலக் கிடக்கிறது. ஒரு சில்லு சுற்றுகிறது. மகனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான், "அது உங்கட மெசின் அப்பா. நீங்களே வச்சிருங்கோ." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

மல்லாவி மாமி (வியாழன், இரவு 8.50)

அப்ப அதை நீங்கள் வைத்திருங்கோ. அவனுக்குத் திருத்திக் கொடுக்கிற வேலையை விடுங்கோ. நாளைக்கு முற்றத்தில் இருந்து உங்களுக்கென்று ஒன்று செய்யுங்கோ. புத்தகம் பார்க்கக்கூடாது, அவனைக் கூப்பிடவும் கூடாது.

பரந்தன்காரன் (ஞாயிறு, இரவு 9.10)

மாமி, செய்தேன். சனிக்கிழமை பின்னேரம், முற்றத்து வேம்புக்குக் கீழே. பிஸ்கற் பெட்டி, மனைவியின் தையல் மெசினிலிருந்து இரண்டு நூல் கட்டை, மிச்சச் செருப்பு. வாசித்தபோது சின்ன வேலை என்று நினைத்தேன். செருப்பை வட்டமாக வெட்டிப் பாருங்கோ, முட்டை வடிவம்தான் வரும். குடைக்கம்பியை நடுவில் குத்தினால் அது நடுவாக இராது. நாலு சில்லும் நாலு ஆட்டம். ஒன்றரை மணித்தியாலத்தில் என் விரல்தான் சிவந்தது.

பக்கத்து வீட்டுப் பெட்டை வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு படலையைத் திறந்துகொண்டு வந்து பக்கத்தில் குந்திவிட்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற இருவரும். "மாமா, இது நடக்காது" என்று ஆளுக்காள் தீர்ப்பு. மகன் திண்ணையில் கொப்பி விரித்தபடி இருந்தான், ஒரு வரியும் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் தள்ளிப் பார்த்தேன். சுற்றியது. புல்லுக்குக் கிட்டக் கொண்டுபோனால் எல்லாவற்றையும் முன்னால் துப்பியது. சத்தியமாக நடிக்கவில்லை, உண்மையிலேயே ஏன் என்று விளங்கவில்லை. மெசினைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல் வந்தது. "அப்பா, ரப்பர் முறுக்கிப்போச்சு."

வாங்கினான், முறுக்கை எடுத்தான், சில்லுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான், என் கையிலிருந்த கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டான். பிறகு எனக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

வெட்டுமெசின் தம்பி, ரப்பர்ச் செயின் கேள்வியை இரவு சாப்பிடும்போது போட்டேன். "தெரியும், ரியூப் போதாமல் போச்சு" என்றான். இன்றைக்கு விடியவே சைக்கிள் கடைக்குப் போய் ரியூப் கேட்டு வந்து, முன்சில்லையும் பின்சில்லையும் சேர்த்து ஒரு வளையம் மாட்டியிருக்கிறார்கள். மணலில் புதையவில்லை. வெட்டின "நெல்லை" ஏந்த, பக்கத்து வீட்டுப் பெட்டை பின்னால் ஒரு சின்னச் சாக்கு தைத்துக் கட்டியிருக்கிறாள், அது அவளுடைய யோசனை. அதனால் அவளுக்கு மூட்டைக்கு இரண்டு புளியங்கொட்டை.

வெட்டுமெசின் (ஞாயிறு, இரவு 9.25)

எங்கள் முதலாளி மூட்டைக்கு அவ்வளவு தரமாட்டார். சிறுபோக வெட்டுக்கு உங்கள் பக்கம் வந்தால் பெடியனையும் சாக்கு முதலாளியையும் மெசினில் ஏற்றிக் காட்டுகிறேன். எஞ்சின் நிற்பாட்டின பிறகுதான், அது சட்டம்.

முள்ளியவளை அக்கா (ஞாயிறு, இரவு 9.40)

மகள் கேட்கிறாள், இந்தச் செய்தியைப் போடலாமா என்று. தலைப்பு வைத்துவிட்டாள். "பரந்தனில் ஒரு அப்பாவின் மெசின் துப்பியது."

பரந்தன்காரன் (ஞாயிறு, இரவு 9.48)

போடச் சொல்லுங்கோ. பத்திரிகை இங்கேயும் ஒரு சுற்று வர வேண்டும், நாங்களும் எழுதி அனுப்புவோம்.

ஆரிடமாவது வெறும் நூல் கட்டை இருந்தால் சொல்லுங்கோ, இப்போது மூன்று வீட்டுக்கும் ஆளுக்கொன்று என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கட்டையில் இருந்த நீல நூல் முழுவதும் வேலிக் கிளுவையில் சுற்றிக் கிடக்கிறது. மனைவி இன்னும் பார்க்கவில்லை.